‘எல்ஸ்’ விடுபட்ட ‘கேஸ்’

காலி வீதி நெரிசலைக் கடந்து அலுவலகம் வந்து சேர்ந்தால், பிறர் எழுதிச்சென்ற எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழி வினவல்களில், நிபந்தனைக்கேற்ப மதிப்பைத் தரும் ‘கேஸ்’ கோவைகளை, எதுவும் பொருந்தாவிட்டால் எதைத் தருவதென்று சொல்லும் ‘எல்ஸ்’ பகுதி இல்லாமலேயே நாள்தோறும் காண வேண்டியிருப்பது எனக்குத் தீராத மனவருத்தம். எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது தரவுத்தளம் பிழை எதையும் காட்டாமல் ‘நல்’ என்ற வெறுமையைத் தந்துவிடுகிறது. சராசரி காணும் சார்பு அந்த நிரைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், விற்பனையே நடக்காத நாள்கள் பூச்சியமாகாமல் மறைந்துபோய், கொட்டாஞ்சேனைக் கிளையின் நாட்சராசரி மாத இறுதி அறிக்கையில் உண்மையைவிட உயர்ந்து நிற்கிறது. இதைவிடக் கொடுமை, ‘கேஸ்’ கோவையில் நிபந்தனையைச் சொல்லும் ‘வென்’ பகுதியில் ‘வென் நல்’ என்று எழுதிவிட்டு அது பொருந்துமென நம்புவது. ‘நல்’ எதற்கும், இன்னொரு ‘நல்’லுக்குக்கூட, சமமாகாது; ‘இஸ் நல்’ என்றே சோதிக்க வேண்டும். எஸ்கியூஎல் மொழியின் 1992ஆம் ஆண்டுத் தரத்திலேயே இடம்பெற்ற கோவை இந்தக் ‘கேஸ்’. நேற்று இரவு ஒன்பது மணிவரை நான் தேடியது, யாரோ எழுதாமல் விட்ட அந்த ஒற்றை ‘எல்ஸ்’ வரியைத்தான்.