தெற்கு சூடான் ஒப்பந்தம் வத்திக்கானில் கையெழுத்தானதல்ல

திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் தெற்கு சூடான் தலைவர்களின் கால்களை முத்தமிட்டார், அங்கேயே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது என்று ஒரு பதிவு சொல்கிறது. முதல் பாதி சரி. இரண்டாவது அப்படியல்ல.

அதிபர் சல்வா கீரும் எதிரணித் தலைவர் ரீக் மச்சாரும் கையெழுத்திட்டது 2018 செப்டம்பர் 12, எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில். வத்திக்கானின் சாந்தா மார்த்தா இல்லத்தில் நடந்தது 2019 ஏப்ரல் 10, 11 தேதிகளில் இரண்டு நாள் தியானம் மட்டுமே. யோசனை இங்கிலாந்து திருச்சபையின் அப்போதைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியுடையது. தலைவர்களுக்கு ஆளுக்கொரு பைபிள் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை மேசை எதுவும் இல்லை.

சரிபார்ப்பது சுலபம். வத்திக்கான் இணையதளத்தில் பிரான்சிஸ், உரைகள், 2019, ஏப்ரல் 11 என்று போய் அந்த உரையின் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். 'ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட' தலைவர்கள் அமைதியில் நிலைத்திருக்க வேண்டும் என்று அவரே கேட்கிறார். அதாவது கையெழுத்து ஏற்கெனவே முடிந்த விஷயம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலும் ஊர், தேதி இருக்கிறது. பரவும் வீடியோ துணுக்கில் முத்தக் காட்சி மட்டும்தான் வருகிறது, குழப்பம் அதனால்தான் என நினைக்கிறேன்.

ஒப்பந்தப்படி இரு தரப்பும் சேர்ந்த ஐக்கிய அரசு அமைந்ததும் உடனே அல்ல. 2019 மே 12 கெடு இரண்டு முறை தள்ளிப்போய், 2020 பிப்ரவரி 22-ல்தான் மச்சார் முதல் துணை அதிபராகப் பதவியேற்றார்.