டெர்மின் தராதவர்கள் தேதி கேட்கிறார்கள்

ஜெர்மனிக்கு வந்து 28 மாதம் ஆகிறது. இதுவரை நான் அதிக முறை வாசித்த ஜெர்மன் வாக்கியம் எது தெரியுமா? "லைடர் சிண்ட் கைனெ டெர்மினெ ஃபெர்ஃபூக்பார்." வருந்துகிறோம், டெர்மின் எதுவும் இல்லை. வருந்துகிறார்களாம்! ஆறு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வருந்துகிறார்கள். நானும் பல் தேய்க்காத வாயோடு போனைப் பிடித்துக்கொண்டு அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம்தான் காப்பி.

இங்கே இருக்கும் தமிழர்கள் யாரும் அப்பாயின்ட்மென்ட் என்று சொல்வதில்லை. டெர்மின்தான். பல் பிடுங்கவும் டெர்மின், முடி வெட்டவும் டெர்மின். அதெல்லாம் பழகிவிட்டது, நேரம் குறித்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. என் வயிறு எரிவது, நமக்குக் குடியிருப்பு அட்டை தரும் வெளிநாட்டவர் அலுவலகத்து டெர்மினை நினைத்து மட்டும்தான். அது நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம்கூட இல்லை. நகராட்சிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று ஜெர்மனி முழுக்க ஐந்நூறுக்கும் மேலே இருக்கின்றன. சட்டம் எல்லாருக்கும் ஒன்றே. நடைமுறை மட்டும் ஊருக்கு ஒரு தினுசு. பக்கத்து ஊரில் குடியிருக்கும் நண்பனுக்கு மூன்று வாரத்தில் முடிந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டரும் ஒரு பாலமும்தான்.

விஷயத்தைச் சொல்கிறேன். நான் வந்தது ப்ளூ கார்டில், அதாவது திறன்மிக்க வெளிநாட்டவருக்கு வேலைக்காகத் தரும் குடியிருப்பு அட்டையில். பி1 என்ற இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தேர்வு எழுதித் தேறி, 21 மாதம் ஓய்வூதியக் கணக்கில் பணமும் கட்டியிருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமம் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தேர்வு தேறாமல் ஆரம்பநிலை ஏ1 மட்டும் வைத்திருந்தால் 27 மாதம். அந்த ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்க நான் இரவு பத்து மணிக்கு மேலே உட்கார்ந்து, சொல்லின் பால் காட்டும் டெர், டீ, டாஸ் படித்தேன். 'மேஜை' ஏன் ஆண்பால், 'விளக்கு' ஏன் பெண்பால் என்று கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்தேன். தேறினேன். போன ஜூலை 9ஆம் தேதி விண்ணப்பம் போட்டேன். இன்று ஜனவரி. 27 மாதம் தாண்டிவிட்டது. ஏ1 எழுதிவிட்டு அந்த இரவுகளில் தூங்கியிருக்கலாம்.

சரி, தாமதம்தானே, காத்திரு என்பீர்கள். காத்திருக்கலாம், பழைய அட்டை உயிரோடு இருந்தால். என்னுடையது அக்டோபர் 14ஆம் தேதி செத்துவிட்டது. ஏன் அந்தத் தேதி? என் பழைய பாஸ்போர்ட் அன்றோடு முடிந்தது. பாஸ்போர்ட் எதுவரையோ அட்டையும் அதுவரைதான் தருவார்கள். வீட்டுக்காரியின் அட்டை என் அட்டையைப் பார்த்துத் தந்தது, ஆக அதுவும் அதே நாளில். நம் அரசாங்கம் தர வேண்டிய புது பாஸ்போர்ட் ஐந்து வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. ஊரில் இருக்கும்போது அரசாங்க ஆபீஸ் என்றாலே உதட்டைப் பிதுக்கிய ஆள் நான். இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பம் போட்ட அன்றே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதன் அழகைச் சொல்ல வேண்டும். "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நிலவரம் கேட்டு மறுபடி எழுத வேண்டாம். ஒவ்வொரு விசாரிப்பும் வேலையை மேலும் தாமதமாக்கும்." அதாவது தாமதமானால் அதற்குக் காரணம் நான் கேட்டதுதான்! ஏழு வாரம் பொறுத்து ஒரு தடவை கேட்டேன். அதே பதில் வந்தது. எங்கேயோ ஓர் இயந்திரம் என்மேல் கோபமாக இருக்கிறது என்று தோன்றியது.

நேரில் போய்க் கேட்டால் என்ன? போனேன். கதவில் ஒரு காவலாளி. "டெர்மின் இருக்கிறதா?" "டெர்மின் வாங்கத்தான் வந்தேன்." "டெர்மின் இணையத்தில்." "இணையத்தில் இல்லை." "அப்படியானால் டெர்மின் இல்லை." இதற்கு மேல் அந்த மனிதரோடு வாதாட என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் தவறே இல்லை.

அம்மாவுக்கு இதை விளக்கிய கதை தனி. அக்கா மகளுக்குக் காதுகுத்து, இந்தத் தை மாதம், சாத்தூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

"ஏன்டா, அந்த ஆபீசர்கிட்ட நேர்ல போயி கேளேன்."

"உள்ள விட மாட்டாங்கம்மா. அதுக்கு டெர்மின் வேணும்."

"சரி, அந்த டெர்மின எங்க குடுக்காங்க?"

"அதே ஆபீஸ்லதான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அம்மா சொன்னாள்: "அதுக்கு நம்ம தாலுகா ஆபீசே தேவல. மரத்தடில எழுதிக் குடுக்க ஆளாச்சும் இருப்பாரு."

அந்த ஆள் இங்கேயும் இருக்கிறார், அம்மா. டெலிகிராமில் இருக்கிறார். டெர்மின் பிடித்துத் தருகிறேன், 60 யூரோ என்றார். இலவசமாகக் கிடைக்க வேண்டிய இடத்தை மென்பொருள் வைத்து நொடியில் அள்ளி நமக்கே விற்கிறார்கள். வாங்கவில்லை. கொள்கை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுவார் என்ற பயம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் ஆத்திரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. குடியிருப்புச் சட்டம், பிரிவு 81, உட்பிரிவு 4. அட்டை முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு சொல்லும் வரை பழைய அட்டை செல்லுபடியாவதாகக் கொள்ளப்படும். வேலை செய்யலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம், எல்லாம் முன்பு போலவே. அதற்குச் சாட்சியாக ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. அந்தத் தாளின் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். தமிழில் சொன்னால் கற்பனைச் சான்றிதழ். நான் கிண்டலுக்காக மொழிபெயர்க்கவில்லை, பெயரே அதுதான். கட்டணம் 13 யூரோ.

ஆக, புத்தகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புத்தகத்தை வாசித்தவர் எந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறார்? வங்கியில் கார் கடன் கேட்டேன். "உங்கள் அட்டை காலாவதி ஆகியிருக்கிறதே." பிரிவு 81 என்றேன். அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினார். கட்டத்தில் எதிர்காலத் தேதி ஒன்றைத் தட்டினால்தான் அடுத்த பக்கமே திறக்குமாம். என் நண்பன் ஒருவன் சென்னையிலிருந்து இந்தத் தாளோடு திரும்பியபோது மீனம்பாக்கத்தில் விமானக் கவுன்ட்டரில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்களாம், ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பது போல. யாரோ யாருக்கோ போன் செய்து, யாரோ சரி என்று சொல்லி, கதவு மூடும் நேரத்தில் ஓடி ஏறினான். தப்பு செய்தது அலுவலகம், வியர்த்தது அவனுக்கு.

எங்களுக்கு அந்தத் தாள் வந்தது நவம்பர் 27ஆம் தேதி. அட்டை செத்து ஆறு வாரம் கழித்து. அதுவும் நான் பிரிவு எண் போட்டு, விண்ணப்பித்த தேதி தெரியும் அந்த முதல் தானியங்கிப் பதிலை அச்சடித்து இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு. (அந்தப் பதிலைத் திட்டிக்கொண்டே பத்திரமாக வைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை முடிவதற்குள் விண்ணப்பம் போனது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.)

தாளில் மூன்று கட்டங்கள் உண்டு. எதில் குறி போட்டிருக்கிறது என்பதில்தான் வாழ்க்கை. எனக்கு உட்பிரிவு 4. சரியானது. வீட்டுக்காரிக்கு? உட்பிரிவு 3. அது முன்பே அட்டை எதுவும் இல்லாமல் சட்டப்படி இங்கே தங்கியிருந்தவர்களுக்கானது. அந்தக் கட்டத்தோடு நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது, விசாவுக்குப் போய் நிற்க வேண்டும். ஒரே வீடு, ஒரே நாள் விண்ணப்பம், ஒரே உறைக்குள் வந்த இரண்டு தாள். யாரோ அவசரத்தில் வேறு கட்டத்தில் குறி போட்டுவிட்டார்கள். பேனா ஒரு சென்டிமீட்டர் நழுவிவிட்டது, அவ்வளவுதான். திருத்தித் தாருங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது, இந்த முறை மனிதர் எழுதியது. திருத்தத்துக்கு நேரில் வர வேண்டுமாம். டெர்மின் எடுத்துக்கொண்டு.

அந்த மடலை வாசித்துவிட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி அவளுக்கு வேலையில் சேர வேண்டிய நாள். ஒன்றரை வருடம் தேடிக் கிடைத்த வேலை. ஹெச்ஆரில் தாளைப் பார்த்தார்கள், மரியாதையாகவே பேசினார்கள், "குழப்பம் தீரட்டும், அப்புறம் சேரலாம்" என்றார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. வேலைக்கு எடுப்பவர் அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், தவறினால் அபராதம் அவர்களுக்கு. எல்லாரும் சட்டப்படி நடக்கிறார்கள். யாரும் தப்பு செய்யவில்லை. என் மனைவி மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அலுவலகத்து ஆட்கள் பாவம், வேலைப்பளு என்று ஒரு கூட்டம் உடனே வரும். தெரியும். 2022க்குப் பிறகு உக்ரைனிலிருந்து மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், அவர்களுக்கும் இதே அலுவலகங்கள்தான். நடுவில் சட்டத்தை வேறு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கும் வீடு, பிள்ளை, முதுகுவலி இருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 அக்டோபரில் ஜெர்மன் சான்சலர் டெல்லிக்கே வந்திருந்தபோது, இந்தியாவின் திறன்மிக்க பணியாளர்களுக்கு வருடத்துக்கு 20,000 விசா என்பதை ஜெர்மனி 90,000 ஆக உயர்த்துகிறது என்று பிரதமர் மோடி அறிவித்தாரே, அந்த மேடையில் இந்த அலுவலகத்து நாற்காலிகளை யாராவது எண்ணினார்களா? பந்திக்கு ஊரையே அழைத்துவிட்டு ஒரே ஒரு ஆளைப் பரிமாற விட்டால், திட்டு வாங்குவது அந்த ஆள்தான். அழைத்தவர் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் மளிகைக் கடையில் கொட்டித் தீர்த்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு எவ்வளவு காலமா இந்தப் பிரச்சினை?"

"ஆறு மாசம் அண்ணே."

"எனக்கு டூல்டுங். ஒன்பது வருசம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா போய் முத்திரை குத்தோணும். மாவட்டம் தாண்டிப் போறதெண்டா அதுக்கும் ஒரு துண்டு வாங்கோணும். மற்றப்பக்கம் என்ர தங்கச்சி இருந்தவ."

டூல்டுங் என்றால் பொறுத்துக்கொள்ளுதல். அனுப்ப வேண்டியவர்தான், இப்போதைக்கு அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதித் தரும் தாள். அதன் முன்னால் என் கற்பனைச் சான்றிதழ் ராஜமுத்திரை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "வழக்குப் போடுங்கோ" என்றார். காசு வாங்கும்போது மறுபடியும் சொன்னார்.

வழக்கு போடலாம்தான். மூன்று மாதம் தாண்டியும் தக்க காரணமில்லாமல் முடிவு சொல்லாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், செயலின்மை வழக்கு என்று அதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வக்கீலைப் பார்த்தேன். வழக்கு எண் விழுந்த பிறகு பல கோப்புகள் தானாக நகர்ந்துவிடும் என்றார் அவர், சாதாரணமாக, பேருந்து நேரம் சொல்வது போல. அப்படியென்றால் நகர்த்த ஆள் இருக்கிறார்! வக்கீலுக்குப் பணம் கட்ட முடிந்தவனின் கோப்பு மேலே வரும், முடியாத மாணவனின் கோப்பு இன்னும் கீழே போகும். தெரிந்தும் போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரிசையில் இடிப்பவனைத் திட்டிக்கொண்டே நானும் இடிக்கிறேன்.

காதுகுத்துக்கு நான் போகவில்லை. என் கட்டம் சரியாக இருக்கிறது, போயிருக்கலாம்தான். அவளைத் தனியாக விட்டுவிட்டு, அவள் வேலை விவகாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போக மனமில்லை. சின்ன மாமாவின் மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். வீடியோ வந்தது. குழந்தை அழுதது, ஆடு கத்தியது, யாரோ "தாய்மாமன் எங்கப்பா?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். கை நடுங்கப் பிரித்தேன். கோப்பைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்களாம். நான் ஜூலையில் கொடுத்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் பழையவையாகிவிட்டன, கடைசி மூன்று மாதத்தவை வேண்டுமாம். ஓய்வூதியக் கணக்கும் புதிதாக. வீட்டு வாடகைக்கும் புதிதாக ஒரு சான்று. இரண்டு வாரத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். 'இரண்டு வாரத்துக்குள்' என்பதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் சீட்டுகளை இன்று காலை பதிவேற்றினேன். ஜனவரிச் சீட்டு வெள்ளிக்கிழமை வரும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் வீட்டுக்காரி.