பக்கத்து வீடு சி, எங்கள் வீடு டி

போன மார்ச்சில் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளூர் கவுன்சில் வாங்கும் வரி) பில் வந்த அன்று, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கு?" உள்ளே போய் பில்லையே எடுத்துவந்து காட்டினார். சி பேண்ட், அதாவது வீட்டு விலையை வைத்துப் பிரித்த வரிப் படி. எங்களுடையது டி, ஒரு படி மேலே. "ஏன் பிள்ளை, உங்கட வீடு பெரிசோ?" என்று கேட்டார். இல்லையே! லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகள். அதே மூன்று படுக்கையறை, பின்னால் அதே ஒடுங்கிய தோட்டம்.

2011-இல் குடிவந்ததிலிருந்து டி பேண்டுக்குத்தான் கட்டுகிறோம். அரசாங்கம் போட்ட கணக்கு தப்பாகவா இருக்கும் என்று கேள்வியே கேட்கவில்லை. அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

1993 ஏப்ரலில் போல் டாக்ஸை (தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய வரி) எடுத்துவிட்டு இந்த வரியைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் எல்லா வீட்டுக்கும் விலை குறித்தாக வேண்டும். பல தெருக்களில் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் காரை இரண்டாம் கியரில் ஓட்டியபடியே பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். 1991 ஏப்ரல் 1 அன்று விற்றிருந்தால் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் அளவுகோல். 52,000 பவுண்டுக்கு மேல் 68,000 வரை சி, அதற்கு மேல் 88,000 வரை டி. வேல்ஸில் 2003 விலைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் இன்றும் 1991தான். நேற்றுக் கட்டிய ஃப்ளாட்டுக்கும் 1991-இல் என்ன விலை இருந்திருக்கும் என்றுதான் பார்க்கிறார்கள்! இதைத் திருத்தாமல், தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையையும் குடியிருப்பவர் தலையில் கட்டியிருப்பது அநியாயம்.

டி பேண்டுக்கு 1,800 பவுண்டு என்றால் சி-க்கு அதில் ஒன்பதில் எட்டு பங்கு, 1,600. வருடத்துக்கு 200 பவுண்டு சின்னக் காசு இல்லை.

என் கணவர் தயங்கினார். "கேட்கப் போய் ஏற்றிவிட்டால்?" அந்தப் பயம் நியாயமானது. பேண்ட் ஏறவும் செய்யலாம். நம் வீட்டுக்குப் போட்டது சரி, மற்ற வீடுகளுக்குத்தான் குறைவு என்று தெரிந்தால் அவர்களுக்கும் ஏறலாம். அக்காவுக்கு என்னால் வரி கூடினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அதனால் ஒரு பில்லை நம்பி இறங்கவில்லை. அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டால் தெருவில் எல்லா வீட்டின் பேண்டும் வரும். ஞாயிறு காலையில் மகளும் நானும் நோட்டோடு தெருவில் நடந்தோம். பே விண்டோ (வெளியே துருத்திய ஜன்னல்) இருக்கிறதா, பின்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறதா, லாஃப்டில், அதாவது கூரைக்கடியில், அறை எடுத்திருக்கிறார்களா என்று அவள் ஒவ்வொன்றாகக் குறித்தாள். (லாஃப்ட் எடுத்த உடனே பேண்ட் ஏறாது. வீடு விற்ற பிறகுதான் பார்ப்பார்கள்.) வரிசையில் 14 வீடு. எங்களையும் மூலை வீட்டையும் தவிர எல்லாம் சி. மூலை வீடு பெரியது. அப்புறம் எங்கள் வீடு 1996-இல் விற்ற விலையை லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசுப் பதிவேட்டில் எடுத்து, நேஷன்வைட் நிறுவனத்தின் வீட்டு விலை கால்குலேட்டரில் 1991-க்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். 68,000-க்குள் அடங்கியது. தெருவும் விலையும் ஒத்துப்போன பிறகுதான் பேண்டை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினோம், எங்கள் வீடு போலவே இருக்கும் ஐந்து சி வீடுகளின் முகவரியோடு.

புதிதாகக் குடிவந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் முறைப்படி ஆட்சேபிக்கலாம். முடிவு பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். எங்களைப் போல அந்தக் கெடு தாண்டியவர்களும் வலுவான ஆதாரம் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். முடிவு வரும்வரை பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கு சி ஆனது. 2011 முதல் கூடுதலாகக் கட்டியது திரும்ப வந்தது.

இதை நான் எழுதக் காரணம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமா. அவருக்கும் பேண்ட் குறைந்தது. ஆனால் பேண்டைக் குறைத்துத் தருகிறோம் என்று வீட்டுக்கு போன் செய்த ஒரு கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த பணத்தில் கால் பங்கை அவர்களுக்குக் கொடுத்தார். ஒரு பைசா கட்டணம் இல்லாத வேலைக்கு! ஓய்வூதியத்தில் வாழ்கிற மனிதர்.

ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். தெரு முழுவதும் பார்த்த பிறகுதான் அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்வேன். பில்லை மறக்காமல் எடுத்துவாருங்கள்.