ரொட்டிக்கு இரண்டு பெயர்

1901 நவம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். ஒரு மொழிபெயர்ப்புக்காக. அலெக்சாந்த்ரோஸ் பாலிஸ் என்பவர் பழைய கிரேக்கத்தில் இருந்த மத்தேயு நற்செய்தியை மக்கள் பேசும் கிரேக்கத்தில் எழுதினார், 'அக்ரோபொலிஸ்' நாளிதழ் அதைத் தொடராக வெளியிட்டது. மாணவர்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். பேராயர் பதவி விலகினார், அரசாங்கமும் கவிழ்ந்தது.

பேச்சுத் தமிழைக் கொச்சை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டுப் பேர் ஞாபகம்தான் வருகிறது.

துருக்கியோடு நடந்த 1897 போரில் காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களுக்கு வேத வசனம் புரியவில்லை என்று பார்த்துத்தான் கிரேக்க அரசி ஓல்காவும் ஒரு மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்திருந்தார். சாகக் கிடப்பவனுக்குப் புரிகிற மாதிரி ஆறுதல் சொல்ல நினைத்தது தவறா? ஆனால் அவர் ரஷ்யாவில் பிறந்தவர். அது போதும், ரஷ்யர் முதலான ஸ்லாவிய இனத்தவரின் சதி என்று கிளப்பிவிட்டார்கள். பேச்சுமொழிக்காகப் பேசியவர்கள் எல்லாரும் துரோகிகள் ஆனார்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த சின்ன நாடு. பழைய கிரேக்கர்களின் வாரிசு நாங்கள்தான் என்று ஐரோப்பாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. துருக்கி, இத்தாலியச் சொற்களைக் களைந்து, பழைய இலக்கணத்தைச் சேர்த்து 'கதாரெவூசா' என்ற தூய மொழியை உருவாக்கினார்கள். அரசாணை, நீதிமன்றம், பாடப்புத்தகம் எல்லாம் அதில். வீட்டில் 'ப்ஸொமி' என்று கேட்டு வாங்கித் தின்ற ரொட்டியைப் பள்ளியில் 'ஆர்தோஸ்' என்று எழுத வேண்டும். உன் அம்மா பேசுவது கெட்டுப்போன கிரேக்கம் என்று ஒரு பிள்ளையிடம் தினமும் சொல்வதுதானே இது? மொழிப்பற்று என்ற பெயரில் இதைச் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அந்த நாட்டின் தேசிய கீதமே பேச்சுமொழிக் கவிதை. எழுதிய சொலோமோஸ் இத்தாலியில் படித்தவர், முதலில் இத்தாலிய மொழியில்தான் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1823இல் அவர் சாதாரண மக்களின் வாய்மொழியை எடுத்துக்கொண்டார். 1865இல் அது தேசிய கீதம் ஆனது. நாட்டை நினைத்து நெஞ்சு நிமிர்த்திப் பாட ஆகும் மொழி, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஆகாதா?

1967இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரிகள் மறுபடி கதாரெவூசாவைத் திணித்தார்கள். 1974இல் அவர்கள் விழுந்தார்கள். அப்புறம் 1976இல்தான் சட்டப்படி பேச்சுமொழி கல்விமொழி ஆனது. அந்தக் கலவரம் நடந்து 75 வருஷம் கழித்து.