சிகாகோவில் நாகப்பட்டினத்துப் புத்தர்
சிகாகோவில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிய உங்கள் பதிவில் வில்லிஸ் டவர், மில்லினியம் பார்க், படகுச் சவாரி எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். சரி, ஆனால் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! பார்க்கிலிருந்து நடந்தே போய்விடலாம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும். 1893-இல் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை நடந்த கட்டடம் அதுதான்.

உள்ளே, நாகப்பட்டினத்திலிருந்து போன சோழர் காலக் கருங்கல் புத்தர் இருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டுச் சிலை. மடியில் கைமேல் கை வைத்த தியானக் கோலம், சுருள் சுருளாக முடி, உச்சியில் தீச்சுடர். நம் ஊரில் பௌத்தம் அவ்வளவு காலம் இருந்ததற்குக் கண்முன் சாட்சி. அப்புறம், ஃபீல்டு மியூசியத்தில் 'சூ' என்ற டைனோசர் எலும்புக்கூடு. குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விடவே கூடாது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், தனித்தனி நாள் ஒதுக்குங்கள்.