ஒடுக்குமுறைக்கு எதற்குப் பாராட்டு?

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் எதிர்ப்புக் கவிதை பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் "ஒடுக்குமுறைதான் இந்தக் கவிதைகளைப் பெற்றெடுத்தது" என்று சொல்லிவிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அடித்தவனையே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிற பேச்சு இது.

வேதனை மட்டும் போதும் என்றால், அடிமைமுறை நடந்த இரண்டரை நூற்றாண்டில் கவிதைப் புத்தகங்கள் மலை மலையாகக் குவிந்திருக்க வேண்டுமே! அங்கே தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். வயலில் பாடியதும் வழிபாட்டில் பாடியதும் வாய்வழியாகத்தான் பிழைத்து வந்தன. பிழைக்காமல் போனவை எத்தனையோ.

1919க்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் போன கறுப்பினச் சிப்பாய்கள் ஊர் திரும்பிய வருடம். அந்தக் கோடையில் ஊர் ஊராக வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கின. ஜமைக்காவிலிருந்து வந்த கவிஞர் கிளாட் மெக்கே அப்போது ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் சர்வர். எந்த ஊரில் இறங்குவதற்கும் பயம். அந்த நாட்களில்தான், சாகத்தான் வேண்டும் என்றால் பன்றிகளைப் போலச் சாக வேண்டாம், திருப்பி அடித்தபடியே சாவோம் என்கிற கவிதையை சானட் என்ற வடிவத்தில் எழுதினார். 14 வரிகள், நிறத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கூட வேலை செய்தவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர்களில் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஒரு சர்வர்கூட அழுதுவிட்டாராம். 'லிபரேட்டர்' என்ற இடதுசாரிப் பத்திரிகை ஜூலை இதழில் அதை வெளியிட்டது. அதே மாதக் கடைசியில் சிகாகோவில் மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அதில் 23 பேர் கறுப்பினத்தவர்.

அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் ஒரே பயம், ஒரே ஆத்திரம். சானட் மட்டும் ஏன் மெக்கேயிடமிருந்து வந்தது? சின்ன வயதிலேயே அவர் கைக்குப் புத்தகம் கிடைத்திருந்தது. அண்ணன் பள்ளி ஆசிரியர். ஜமைக்காவில் வாழ்ந்த வால்டர் ஜெக்கில் என்ற ஆங்கிலேயர் தன் நூலகத்தையே அவருக்குத் திறந்துவிட்டார். இந்தச் சங்கதியை விட்டுவிட்டு ஆத்திரத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை மையமாகக் கொண்டு எழுந்த கறுப்பினக் கலை, இலக்கிய எழுச்சியை ஹார்லெம் மறுமலர்ச்சி என்கிறோமே, அது இப்படிக் கதவுகள் ஒரே சமயத்தில் நிறையத் திறந்த காலம். தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் வடக்கே குடிபெயர்ந்தார்கள், வாசகர்கள் பெருகினார்கள், அவர்களுக்கென்று பத்திரிகைகள் இருந்தன. அவற்றில் ஒன்றான 'கிரைசிஸ்' பத்திரிகைக்கு 1919 முதல் 1926 வரை இலக்கிய ஆசிரியராக இருந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு, ரயில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் நதிகளைப் பற்றி எழுதிய கவிதை 1921 ஜூனில் அந்தப் பத்திரிகையில்தான் வந்தது. இந்த இலக்கியத்துக்கு மருத்துவச்சியாக இருந்த மூன்று பேரில் ஃபாசெட்டும் ஒருவர் என்று பின்னாளில் ஹியூஸே எழுதினார்.

சரி, அந்த ஃபாசெட்டுக்கு ஒடுக்குமுறை என்ன கொடுத்தது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகப் படித்தவர். 'கிரைசிஸை' விட்டு விலகியதும் பதிப்பகங்களில் வேலை தேடினார். நிறம்தான் இடைஞ்சல் என்றால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தயார் என்றுகூடச் சொன்னார். கிடைக்கவில்லை. பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராகப் போனார். அவர் கையால் வந்திருக்க வேண்டிய எத்தனை கவிஞர்கள் வராமலே போனார்களோ!

அப்புறம் கவிஞர் டட்லி ராண்டல். 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய கதைப்பாடலில், உரிமை கேட்கும் ஊர்வலம் ஆபத்து என்று தடுக்கிற அம்மா, மகளைப் பத்திரமான இடம் என்று நம்பித் தேவாலயத்துக்கு அனுப்புகிறாள். ராண்டல் ஒரு நூலகர். 1965இல் தன் சம்பளத்திலிருந்து 12 டாலரை எடுத்து டெட்ராய்ட்டில் 'பிராட்சைட் பிரஸ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடு அந்தக் கவிதை, ஒற்றைத் தாளில். 1950இலேயே புலிட்சர் பரிசு வாங்கிவிட்ட கறுப்பினக் கவிஞர் க்வென்டலின் புரூக்ஸ், பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டுத் தன் 'ரயட்' தொகுப்பை 1969இல் அந்தப் பன்னிரண்டு டாலர் பதிப்பகத்துக்குத்தான் கொடுத்தார்.