‘கேப்டிவ் ஸ்டேட்’ பிரம்மாண்டப் போர்ப்படம் அன்று

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைக் கைப்பற்றி ஆள்வதைக் கதையாகக் கொண்டு 2019இல் வெளிவந்த ஹாலிவுட் படமான ‘கேப்டிவ் ஸ்டேட்’ பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட போர்ப்படம் என்றும், அதில் வேற்றுக்கிரகவாசிகள் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டுவதில்லை என்றும் ஒரு விமர்சனத்தில் எழுதப்பட்டுள்ள இரண்டு கூற்றுகளும் தவறானவை.

படத்தின் செலவு ஏறத்தாழ 2.5 கோடி டாலர். ஹாலிவுட்டின் அறிவியல் புனைவுப் படங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையே. ‘ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தை எடுத்த ரூபர்ட் வயட் இயக்கியிருப்பதால் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருக்கலாம். அதற்காகச் செலவைக் கூட்டிச் சொல்வது முறையாகாது. வேற்றுக்கிரகவாசிகளும் தோன்றவே செய்கிறார்கள். சிகாகோவை விட்டுத் தப்ப முயலும் குடும்பத்தின் காரை அவர்கள் வழிமறிக்கும் தொடக்கக் காட்சியில், முள்ளம்பன்றியைப் போல உடலெங்கும் முட்கள் சிலிர்த்து நிற்கும் உருவத்தை யாரும் கண்ணாரக் காணலாம். அதன்பின் அவர்கள் அரிதாகவே வருகிறார்கள் என்று எழுதியிருந்தால் மறுப்பதற்கில்லை.

படம் மெதுவாக நகர்கிறது என்று அந்த விமர்சனம் சொல்லும் குறை முற்றிலும் நியாயமானது. எனக்கும் இடையில் இருமுறை கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. ஆயினும் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பது பொருந்தாது. மின்னணுத் தொடர்புகள் அனைத்தும் கண்காணிக்கப்படுவதால், நாளிதழ் விளம்பரம், தூதுப்புறா போன்ற பழைய வழிகளில், வேற்றுக்கிரகவாசிகளின் ஆட்சியை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்கள் செய்தியைக் கைமாற்றுவதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. ஒவ்வொருவரின் பெயரும் பங்கும் நம் மனத்தில் பதிவதற்குள் கதை அடுத்தவரிடம் தாவிவிடுவதுதான் உண்மையான கோளாறு. ஜான் குட்மேன் ஏற்ற காவல் அதிகாரி மட்டும் இதற்கு விலக்கு.